பொய்க்காரி பொன்னுத்தாயின் மகள்

மன்னிப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கோயில், சர்ச், பள்ளிவாசல் என்று மூன்றுக்கும் மைக்செட் கட்டிப் பிழைத்தவன் நான். பொறுத்துப் போக வேண்டும், மறந்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் பேசியதையெல்லாம் சுற்றுப்பட்டு ஊர்களுக்குக் கேட்கிற மாதிரி கத்தியது என் குழாய்கள்தான். கேட்டுக் கேட்டுக் காது புளித்ததுதான் மிச்சம். "மன்னிக்கச் சொல்றவங்க எல்லாம் முன்னாடி நாற்காலியில உக்காந்திருக்காங்க பாய். மன்னிக்க வேண்டியவங்க நாங்க பின்னாடி மணல்ல நிக்கிறோம்" என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். அவள் பெயர் விண்ணரசி, சூசைக்குடி கீழத்தெருக்காரி. அவள் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பெயர் மீரா சாகிப். பிறந்தது அதிராம்பட்டினம், கடை போட்டது பூதலூர் ரோட்டில். அங்கிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது சூசைக்குடி. ஊர் முழுக்க வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். மேலத்தெருவில் நிலம் வைத்திருந்தவர்கள், கீழத்தெருவில் அந்த நிலத்தில் நட்டவர்கள், அறுத்தவர்கள். ஒரே சாமி, ஒரே கோயில், கல்லறை மட்டும் இரண்டு. இதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு மாலை அங்கே பாஸ்கா நாடகம். ஆண்டவர் பட்ட பாடுகளை, கடைசி இராப்போசனத்திலிருந்து உயிர்ப்பு வரைக்கும், முழுக்கப் பாட்டாகவே நடிப்பார்கள். முன்பெல்லாம் நடிக்கிறவர்களே பாடுவார்கள். பாதி நாடகத்தில் சேசுவுக்குத் தொண்டை கட்டிவிடும், சிலுவையில் தொங்கிக்கொண்டு இருமுவார். 1979இல் லூர்துசாமியார் என்று ஒரு பங்குச்சாமியார் வந்தார். புதிதாகப் பாட்டுகள் எழுதி மெட்டுப் போட்டார். அதை மெட்ராஸ் ஸ்டூடியோவில் வாத்தியத்தோடு பாடிப் பதிந்து எல்.பி. ரெக்கார்டாகக் கொண்டுவந்துவிடலாம், மேடையில் நிற்கிறவர்கள் வாயசைத்தால் போதும் என்றார். செலவை ஏற்றுக்கொண்டவர் மேலத்தெருப் பெரிய மிராசு பெரியநாயகசாமி. அன்றிலிருந்து அந்த மேடையில் மைக் கிடையாது. மேடை ஓரத்தில் என் ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், இடையில் வசனம் வாசிக்க கோயில் உபதேசியாருக்கு ஒரே ஒரு மைக். நாடகம் முழுவதும் அந்த மேஜையிலிருந்துதான் வரும்.

மாதா பாட்டுக்குத்தான் ஆள் அகப்படவில்லை. செத்த மகனை மடியில் கிடத்திக்கொண்டு மாதா பாடும் புலம்பல் ஒன்று உண்டு. மேலத்தெருப் பெண்கள் பாடினால் அது தாலாட்டாகத்தான் வந்தது. அந்தச் சமயத்தில் கீழத்தெருவில் ஒரு சாவு. பிணத்துக்கு ஜெபம் சொல்லி மந்திரிக்கப் போன சாமியார், பொன்னுத்தாய் என்கிற நடவுக்காரி ஒப்பாரி சொல்ல, அவள் மகள் கூடச் சேர்ந்து பாடி அழுததைக் கேட்டிருக்கிறார். ஜெபப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நின்று கேட்டாராம். அந்த மகள்தான் விண்ணரசி. பொன்னுத்தாயின் ஒப்பாரி மெட்டையே மாதா புலம்பலுக்கு வைத்துக்கொண்டார் சாமியார்.

யார் பாடுவது என்று முடிவு செய்ய சாமியார் பங்களாவில் கூட்டம். நான் வாசலில் ஒரு குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே பேசியது முழுக்கக் கேட்டது. பெரியநாயகசாமி சொன்னார்: "குரல் நல்லாத்தான் இருக்கு சாமி. எடுத்துக்குங்க. ஆள் எதுக்கு? மாதா வேஷத்துல எங்க ரோஸ்லின் நிக்கட்டும்." ரோஸ்லின் அவருடைய மகள். அவளுக்கும் விண்ணரசி வயசுதான். சாமியார் "அது வந்து" என்று இழுத்தார். பிறகு சரி என்றார்.

மெட்ராசில் பாட விண்ணரசியைக் கூட்டிப் போனார்கள். மைக் உயரத்துக்கு எட்டாததால் பெஞ்சு மேல் ஏறி நின்று பாடியதாகச் சொல்வாள். எல்லாம் முடிந்த பிறகு சாமியார் கண்ணாடி அறைக்குள் வந்து, டேப் இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று சொல்லி, கடைசியில் தன் குரலில் பெயர்களை வாசித்துப் பதிந்தார். அதில் விண்ணரசி பெயர் உண்டு, பொன்னுத்தாய் பெயரும் உண்டு. விண்ணரசி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். பொன்னுத்தாய்க்கு வாய் நிற்குமா? நடவு வயலில், வாய்க்கால் கரையில், ரேஷன் கடையில், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்: "கடைசில என் மக பேரு வரும்டி. என் பேரும் வரும். இருந்து கேட்டுட்டுப் போங்க."

ரெக்கார்டுகள் மரப்பெட்டியில் வந்து இறங்கின. போட்டுக் காட்ட என்னை மிராசு வீட்டுக்கு அழைத்தார்கள். பெரியநாயகசாமி ஈஸிசேரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு உயிர்ப்புப் பாட்டு. அது முடிந்ததும், கொஞ்சம் இடைவெளி விட்டு, உள்ளே ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வளையம். அதில் சாமியார் பெயர்களை வாசித்தார். மிராசு கண்ணைத் திறந்தார். எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி, அது தொங்கிய ஆணியைப் பிடுங்கி வந்தார். பெட்டியிலிருந்த ஒவ்வொரு தட்டாக எடுத்து அந்தக் கடைசி வளையத்தில் மட்டும் குறுக்காகக் கீறினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, பொறுமையாகக் கீறினார்.

"தட்டு கெட்டுப் போகுமேங்க" என்றேன்.

"கெட வேண்டியது கெடட்டும். ஒன் வேலை ரேடியோ போடுறது பாய்" என்றார். மைக்செட்டை அந்த ஊரில் ரேடியோ என்றுதான் சொல்வார்கள்.

அந்த வருஷ நாடகத்தன்று விண்ணரசி வேஷக் கொட்டகைக்குப் போனாள். பாட்டு எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது, எங்கே மூச்சு விட வேண்டும் என்று ரோஸ்லினுக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்திருக்கிறாள். பெரியநாயகசாமி வாசலிலேயே மறித்தார். "குரல்தான் தட்டுல இருக்கே. நீ எதுக்கு இங்க? போ, ஓரமா நில்லு."

ஓரமாகப் போய் நின்றாள். கீழத்தெரு முழுக்க அன்றைக்கு நின்றது. வழக்கமாகச் சேசு உயிர்த்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிற ஜனம், பொன்னுத்தாய் பேச்சைக் கேட்டு நின்றது. உயிர்ப்புப் பாட்டு முடிந்தது. முள் அந்த வளையத்துக்கு வந்தது. 'கர்ர்ர்' என்று நாலு குழாயிலும் ஒரு சத்தம், அவ்வளவுதான். பொன்னுத்தாய் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். முதலில் சிரித்தது மேடையில் மாதா வேஷத்தில் நின்ற ரோஸ்லின். "பொய்க்காரி, ஒன் பேரு நல்லாத்தான் கேக்குது!" என்று மேடையிலிருந்தே சொன்னாள். பிறகு ஊரே சிரித்தது.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பொய்க்காரி பொன்னுத்தாய். களத்து மேட்டில் கூலி நெல் அளக்கும்போது "பொய்க்காரிக்கு அள" என்பார்கள். கீழத்தெருவிலேயே சண்டை வந்தால் அதைத்தான் முதலில் எடுத்தார்கள். நடந்ததை நான் சொல்லித்தான் பார்த்தேன். மைக்செட் பாய் பேச்சை யார் நம்புவார்கள்? லூர்துசாமியார் நம்ப வைத்திருக்கலாம். ஆனால் அவருடைய தைரியம் அந்த வளையத்தின் அகலம்தான். அடுத்த வருஷமே அவரை மாற்றிவிட்டார்கள், அவரும் போய்விட்டார்.

விண்ணரசி அன்றோடு பாட்டை நிறுத்தினாள். நடவு வரிசையில் அவள் பக்கத்தில் நிற்கும் அம்சம் கெஞ்சுவாள், "ஒரே ஒரு வரி எடுத்து விடுடி, இடுப்பு ஒடியுது." விண்ணரசி நாற்றை ஊன்றிக்கொண்டே, "என் குரல் மேலத்தெருவுல இருக்கு, அங்க போயிக் கேட்டுக்க" என்பாள். கோயிலில் பூசையின்போதுகூட வாயைத் திறந்ததில்லை.

கண்ணுசாமி என்பவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். இளம்பரிதி என்று ஒரு பையன். பையன் கைக்குழந்தையாக இருக்கும்போது பொன்னுத்தாய் நெஞ்சுவலியில் படுத்தாள். கடைசியாக மகளைக் கூப்பிட்டு ஒன்று கேட்டாள்: "நெசமாவே அந்தத் தட்டுல பேரு இருந்துச்சா? இல்ல, என் மனசு குளிரட்டும்னு சொன்னியா?" இருந்தது என்று விண்ணரசி சத்தியம் செய்தாள். அம்மா நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. பெற்ற தாயே சந்தேகப்பட்டுக்கொண்டு செத்துப்போனாள். விண்ணரசி இதைச் சொன்னபோது அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது.

அதற்குச் சில வருஷம் கழித்து, தஞ்சாவூரில் வயசான சாமியார்கள் தங்கும் இடத்தில் லூர்துசாமியார் சாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு விண்ணரசி போய்ப் பார்த்தாள். அவர் பெட்டியிலிருந்து ஒரு ரெக்கார்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாராம். மெட்ராசிலேயே அவர் எடுத்து வைத்துக்கொண்ட ஒன்று. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள்.

"கீறல் இருக்கா பாருங்க பாய்."

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு முறைகூட முள் படாத தட்டு. கடைசி வளையம் பளபளவென்று இருந்தது.

"சுத்தமா இருக்கு. போடட்டுமா? கேக்குறியா?"

"வேணாம். கேக்க வேண்டியவ போயிட்டா. இனிமே ஊரு கேக்கணும். அவங்க மேடையில, அவங்க குழாயில, ரோஸ்லின் அங்க நிக்கையில கேக்கணும். எங்கம்மா பொய்க்காரி இல்லன்னு அவங்க காதுல விழணும்."

"ரோஸ்லின் சிங்கப்பூருக்குக் கட்டிக்கொடுத்துப் போயாச்சேம்மா."

"வருவா. உப்பைத் தின்னவ தண்ணி குடிக்க வந்துதானே ஆவணும்."

தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவள் காத்திருந்த மாதிரி ஒரு மனுஷி காத்திருந்ததை நான் பார்த்ததில்லை.

காலம் மாறியது. மேலத்தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சிங்கப்பூர், கனடா என்று பறந்தார்கள். மேட்டூர் தண்ணீர் வராத வருஷங்களில் நிலத்தைக் கட்டிக்கொண்டு அழ அவர்களுக்கு ஆள் இல்லை. கண்ணுசாமியும் சிங்கப்பூர் போனார், கட்டட வேலைக்கு. இடுப்பெலும்பு நகர்ந்து, பை நிறையக் கோடாலித் தைலத்தோடு திரும்பி வந்தார். விண்ணரசி சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். அவன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த மறுவருஷம், மிராசு விற்ற நிலத்தில் ஐந்து மா வாங்கினாள். அவள் அம்மா நட்ட வயல் அது. பட்டா கைக்கு வந்த அன்று அவளைப் பார்த்து, "இப்பத் திருப்தியா?" என்று கேட்டேன். "இது நெலம் பாய். அது வேற" என்றாள்.

வருஷா வருஷம் பாஸ்கா மட்டும் நின்றுவிடவில்லை. ரெக்கார்டைக் கேசட்டில் ஏற்றிக்கொண்டோம். மாதா வேஷத்துக்கு வேறு வேறு பெண்கள் வந்தார்கள். யார் வந்தாலும் வாயிலிருந்து வந்தது விண்ணரசி. அவள் பின்னால் மணலில் நின்று, மடியில் வேர்க்கடலையை வைத்து உரித்துக்கொண்டு, அந்த வாய்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வருஷம் சிங்கப்பூரிலிருந்து வந்த வீடியோ கேசட் ஒன்றை உள்ளூர் கேபிளில் போட்டார்கள். அங்கே ஒரு மண்டபத்தில் ரோஸ்லினுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். பாஸ்கா பாட்டில் மாதாவாகப் பாடிய குயில் இவர்தான் என்று ஒருவர் பேசுகிறார். ரோஸ்லின் மறுக்கவில்லை, கைகூப்புகிறாள். ஒரு வரி பாடச் சொல்லிக் கூட்டம் கேட்கிறது. அதற்கு அவள் சொன்ன பதில்தான் பதில்: "மன்னிச்சுக்குங்க. எங்க ஊர் பாஸ்கா மேடையைத் தவிர வேற எங்கயும் பாட மாட்டேன்னு மாதாவுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்." கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டியது.

விண்ணரசி அதை அம்சம் வீட்டு டிவியில் பார்த்தாளாம். பார்த்து முடித்ததும் சிரித்தாளாம். "எங்க பாடுவேன்னு அவளே சொல்லிட்டாடி" என்றாளாம்.

2004இல் ரெக்கார்டு பாஸ்காவுக்கு வெள்ளிவிழா வந்தது. ரோஸ்லின் வருகிறாள், மறுபடி மாதா வேஷம் போடுகிறாள், சிங்கப்பூரிலிருந்து ஒரு பஸ் நிறைய விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ஊரே ஆடியது. முன்னின்று நடத்தியவன் ரோஸ்லினின் தம்பி ஜெனித். அவனும் சிங்கப்பூரில்தான் கம்பெனி வைத்திருந்தான். கேசட்டைப் போட்டுப் பார்த்தால் மாதா குரல் தண்ணீருக்குள் முக்கி எடுத்த மாதிரி வந்தது. பழைய ரெக்கார்டுகளைத் தேடினால் ஒன்று வளைந்திருந்தது, ஒன்று உடைந்திருந்தது, மிச்சமெல்லாம் தேய்ந்திருந்தன. முள் படாத தட்டு ஒன்று கீழத்தெருவில் இருப்பதாக யாரோ சொல்ல, என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்குப் போனான் ஜெனித். மேலத்தெருக் கால் அந்த வாசலில் பட்டது அதுதான் முதல் தடவை.

"அக்கா, உங்ககிட்ட ஒரு உதவி" என்று ஆரம்பித்தான்.

"அக்காவா? உங்க வீட்டுல நான் எப்பப்பா பொறந்தேன்?" என்றாள் விண்ணரசி. ஆனால் நாற்காலி எடுத்துப் போட்டாள், மோர் கொடுத்தாள். "தட்டு தனியா எங்கயும் வராது. நான் வந்தா அதுவும் வரும். நகல் எடுக்கக் கூடாது. பாய்தான் போடணும், நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். வேற ஒண்ணும் வேணாம்."

ஜெனித்துக்கு வாயெல்லாம் பல். "அவ்வளவுதானா? தாராளமா உக்காருங்கக்கா!" அவனுக்கு அது விளம்பரமாகவும் ஆகிவிட்டது. 'வெள்ளிவிழா பாஸ்கா - அசல் இசைத்தட்டிலிருந்து நேரடி ஒலி' என்று பூதலூர் வரைக்கும் போஸ்டர் ஒட்டினான். லீவில் வந்திருந்த இளம்பரிதி, "பழசெல்லாம் எதுக்கும்மா, விட்டுடு" என்று சொல்லிப் பார்த்தான். "ஒனக்குப் பழசு. எனக்கு இன்னிக்குக் காலையில நடந்தது" என்று பதில் சொன்னாள்.

பெரியநாயகசாமி மட்டும் மறக்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "பாய், உயிர்ப்புப் பாட்டு முடிஞ்ச கையோட முள்ளை எடுத்துடணும். அதுக்கு மேல ஓடக் கூடாது." சரிங்க என்றேன். விண்ணரசியிடம் வந்து இதைச் சொன்னேன். "அது வரைக்கும் போவானேன்?" என்றாள். எனக்குப் பாதி புரிந்தது. மீதியை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் நாடகம் ஆரம்பித்தது. முன்வரிசையில் சிங்கப்பூர்க்காரர்கள், நடுவில் பெரியநாயகசாமி, மேலத்தெருக்காரர்கள். பின்னால் மணலில் கீழத்தெரு. மேடை ஓர மேஜையில் நான், உபதேசியார், எனக்குப் பக்கத்து ஸ்டூலில் விண்ணரசி. சலவைச் சேலை கட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டு சுற்ற ஆரம்பித்ததும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை வருஷம் கேசட்டில் கேட்ட குரல் வேறு, இது வேறு. இத்தனை நாள் உள்ளேயே பூட்டிக் கிடந்த குரல் நாலு குழாயையும் கிழித்துக்கொண்டு வந்தது. அவள் முகம் அசையவில்லை. தன் குரலை இத்தனை கிட்டத்தில் அவளும் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறாள்.

தட்டைத் திருப்பிப் போட்டேன். சிலுவையிலிருந்து சேசுவை இறக்கினார்கள். சேசு வேஷம் போட்டவன் ரோஸ்லினின் சித்தப்பா மகன் கிளாட்சன், நல்ல கனமான ஆள். அவனை ரோஸ்லின் மடியில் கிடத்தினார்கள். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த நீலப் பட்டில் அவள் மாதாவாகத்தான் இருந்தாள், அதை மறுக்க மாட்டேன். புலம்பல் ஆரம்பித்தது. ரோஸ்லின் அழகாக வாயசைத்தாள். முதல் அடியிலேயே முன்வரிசை அழுதது. இரண்டாவது அடியில் குரல் மேலே ஏறி, இதோ உடையப் போகிறது என்கிற இடத்துக்கு வந்தது. விண்ணரசியின் கை மடியிலிருந்து எழுந்தது. முள்ளைப் பிடித்துத் தூக்கினாள்.

நான் என் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. மேடையில் ரோஸ்லினின் வாய் இன்னும் கொஞ்ச நேரம் அசைந்துவிட்டு, திறந்தபடியே நின்றது. ஊர் திகைத்துப் போயிருந்த அந்த நேரத்தில்தான், யாரும் சொல்லிக்கொடுக்காமல், சிங்கப்பூர்க்காரர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். "இந்த மேடையிலதான் பாடுவேன்னு வேண்டுதல்! இப்பப் பாடப் போறாங்க!" என்றார். பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் எழுந்து தட்டினார்கள். "பாடுங்க ரோஸ்லின்! பாடுங்கக்கா!"

பாவம், அவர்கள் நல்ல மனசோடுதான் கேட்டார்கள். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பின்னால் கீழத்தெருவுக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. அம்சத்தின் குரல் முதலில் வந்தது: "பாடு தாயி! மாதாவுக்கு நேர்ந்ததை வச்சுக்கக் கூடாது!" பிறகு மணலில் நின்ற பொம்பளைகள் எல்லாரும் சேர்ந்து, "பாடு! பாடு!" என்றார்கள். ரோஸ்லின் எழப் பார்த்தாள். மடியில் கிளாட்சன் கிடந்ததால் முடியவில்லை. வாயைத் திறந்து ஏதோ முனகினாள், மேடையில் மைக் கிடையாது, அது கிளாட்சனுக்கு மட்டும் கேட்டிருக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கைதட்டல் ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றது. பொன்னாடை போர்த்தியவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரியநாயகசாமி தட்டுத்தடுமாறி மேஜைக்கு வந்தார்.

"ஏன் புள்ள நிப்பாட்டின?"

"ஆள்தான் நிக்கிறாங்களேய்யா. குரல் எதுக்கு?" என்றாள் விண்ணரசி.

அவர் என்னைப் பார்த்தார். "என் வேலை ரேடியோ போடுறதுங்க" என்றேன். இருபத்தைந்து வருஷமாக வைத்திருந்த பதில்.

"போடும்மா. ஊரு பாக்குது. அந்தக் குரலைப் போடும்மா" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு கீழத்தெருக்காரிக்கு இரண்டு 'அம்மா' வந்ததை நான் என் காதால் கேட்டேன்.

"போடுறேன்யா. உக்காந்து கேளுங்க" என்றாள். முள்ளைப் பிடித்தாள். புலம்பலில் விட்ட இடத்தில் வைக்கவில்லை. உயிர்ப்புப் பாட்டையும் தாண்டிக் கொண்டுபோய், அந்தக் கடைசி வளையத்தில் வைத்தாள்.

செத்துப்போன லூர்துசாமியாரின் குரல் நாலு குழாயிலும் வந்தது. "இந்த இசைத்தட்டில் மாதாவின் பாடல்கள் அனைத்தையும் பாடியவர், சூசைக்குடி கீழத்தெரு காத்தான், பொன்னுத்தாய் இவர்களின் மகள் விண்ணரசி. புலம்பலின் மெட்டைத் தந்தவர் அவளுடைய தாய் பொன்னுத்தாய். ஆண்டவர் இவர்களுடைய குரலை மட்டுமல்ல, இவர்களையும் ஏற்றுக்கொள்வாராக."

மெட்ராஸ் கண்ணாடி அறையில் தைரியமாகச் சொன்னதை ஊரில் சொல்ல அவருக்கு வாய்க்கவில்லை. செத்த பிறகாவது சொன்னாரே.

பின்னாலிருந்து அம்சம்தான் அடித்தொண்டையில் கத்தினாள், "அடியே பொன்னுத்தாயி! நீ சொன்னது நெசம்டி!" என்று. பெரியநாயகசாமி என் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். விண்ணரசி முள்ளை எடுத்தாள். தட்டை முந்தானையால் துடைத்து உறைக்குள் போட்டாள். ஓரமாகப் போகவில்லை. முன்வரிசை நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து, ஊர் வழிவிட வழிவிட, நேராக வீட்டுக்குப் போனாள். கீழத்தெரு முழுக்க அவள் பின்னால் போனது.

தட்டில்லாமல் நாடகம் ஏது? மாதாவின் மடியில் கிடந்த சேசு மெதுவாக எழுந்து, இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு, "நான் போவட்டுமா?" என்று உபதேசியாரைக் கேட்டார். உள்ளே பல்பு போட்டுத் தயாராக வைத்திருந்த அட்டைக் கல்லறை அப்படியே எரிந்துகொண்டு நின்றது. அந்த வருஷம் சூசைக்குடியில் ஆண்டவர் உயிர்க்கவில்லை.

பழிவாங்கியதால் அவளுக்கு நிம்மதி வந்துவிட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. மறுநாள் காலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ரெக்கார்டு பிளேயரையும் ஒரு குழாயையும் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். அவள் வீட்டு வேப்பமரத்தில் கட்டினேன். "மேலத்தெருப் பக்கம் திருப்பி வைங்க பாய்" என்றாள். திருப்பி வைத்தேன். தட்டை முதலிலிருந்து போட்டோம். புலம்பல் வந்தபோது அவள் வாய் அசைந்தது. உதட்டிலிருந்து சத்தம் வந்ததா, குழாயிலிருந்துதான் வந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. உயிர்ப்புப் பாட்டு ஓடி முடிந்து, சாமியார் பெயர்களை வாசித்து முடித்த நேரம் ஜெனித் வந்து நின்றான். ஒரே ராத்திரியில் ஆள் பாதியாகியிருந்தான்.

"அக்கா, விருந்தாளிங்க சாயங்காலம் கெளம்புறாங்க. உயிர்ப்புக் காட்சியை மட்டுமாவது நடத்திடுறோம். அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

விண்ணரசி அவனுக்கு மோர் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"ஆண்டவரு இப்பத்தான் எங்க தெருவுல உயிர்த்துட்டாரு தம்பி. வேதத்துலயும் பொம்பளைங்கதானே மொதல்ல வந்து சொன்னாங்க. ஆம்பளைங்க பொய்யின்னுதானே சொன்னாங்க. போயி ஒங்கப்பாகிட்ட சொல்லு. யாரு சொன்னான்னு கேட்டா, பொய்க்காரி பொன்னுத்தாயி மக சொன்னான்னு சொல்லு."

ஜெனித் டம்ளரை வைத்துவிட்டுப் போனான். நான் தட்டைத் திருப்பி மறுபடி முதல் பாட்டைப் போட்டேன்.